12 மணி நேர ஷிஃப்ட், குதிகால் வலி: மெத்தென்ற ஷூ வாங்கியும் தீரவில்லை

இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். நான் வார்டில் நர்ஸ். வாரத்துக்கு நான்கு நாள், 12 மணி நேர டியூட்டி. அதில் உட்காருவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் தேறினால் பெரிய விஷயம். இரண்டு மாதமாகக் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் வலது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி சுருக்கென்று குத்துகிறது. பத்து இருபது அடி நடந்தால் மட்டுப்படும். ஷிஃப்டின் கடைசி மூன்று மணி நேரத்தில் மறுபடி விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்துவிடும்.

வலி வந்ததும் கடைக்குப் போய், இருந்ததிலேயே மெத்தென்ற ஷூவை வாங்கினேன். போட்டு நடந்து பார்த்தபோது பஞ்சு மூட்டையில் கால் வைத்தது போல இருந்தது. மூன்று வாரம் ஆகிறது. வலி கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இன்னும் தடிமனான ஷூவாக வாங்க வேண்டுமா? அல்லது எங்காவது அடிப்படையிலேயே தப்பு செய்கிறேனா?

அளவுகோல்

சகோதரி, பதினோரு வருடம் ஷூ விற்றவன் நான். நீங்கள் செய்த தப்பைத்தான் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் செய்வார்கள். கட்டைவிரலால் இன்சோலை, அதாவது ஷூவின் உள்ளே பாதம் படும் அடுக்கை, அமுக்கிப் பார்ப்பார்கள், குழைவாக இருந்தால் பில் போடச் சொல்வார்கள். கடையில் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிடம். நீங்கள் நிற்கப் போவதோ 12 மணி நேரம்.

பஞ்சு மெத்தை மேல் ஏறி நின்று பாருங்கள். முதலில் சுகமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கணுக்கால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட ஆரம்பிக்கும். விழாமல் இருக்கக் காலில் உள்ள சின்னச் சின்னத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். ரொம்ப மெத்தென்ற ஷூவிலும் இதே கதைதான், நமக்கு அது உடனே தெரிவதில்லை. அதோடு பல ஷூக்களின் நடு அடுக்கு ஈவிஏ என்ற பிளாஸ்டிக் நுரை. அதற்குள் இருப்பது நுண்ணிய காற்றுக் குமிழ்கள். மணிக்கணக்கில் எடை ஏறி நின்றால் அவை தட்டையாகிவிடும், ஓய்வு கொடுத்தால்தான் ஓரளவு எழும்பும். மதியத்துக்கு மேல் நீங்கள் நிற்பது காலையில் போட்ட ஷூவில் இல்லை.

அந்த ஷூவை இப்போது கையில் எடுங்கள். பின்பக்கம் குதிகாலைச் சுற்றி நிற்கும் சுவரை இரண்டு விரலால் கிள்ளுங்கள். அது காகித அட்டை போல மடங்கக் கூடாது. அடுத்து, ஈரத்துணியைப் பிழிவது போல ஷூவை முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம், கயிறாகத் திரியக் கூடாது. கடைசியாக முனையையும் குதிகாலையும் பிடித்து மடியுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிந்தால் நல்லது. நட்ட நடுவில் மடிந்தால் அது செருப்புக்குச் சமம்.

இன்னொன்று. இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். கால் ஓரம் வெளியே வழிகிறதா? நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்கிறதா? ஷிஃப்ட் முடிந்து வந்த உடனே பாருங்கள், காலையில் வேண்டாம். நாள் முழுக்க நின்ற கால் வீங்கித்தான் இருக்கும், ஷூ அந்தக் காலுக்குத்தான் பொருந்த வேண்டும்.

இரவுப்பணி

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். நீங்கள் சொன்னபடியே பார்த்தேன், சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. பின் சுவர் கிள்ளியதும் அப்படியே படுத்துவிட்டது. முறுக்கினால் முழுசாகத் திரிகிறது. மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் வலது ஷூ உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, நுரையின் உள்ஓரத்தில் மட்டும் வரி வரியாகச் சுருக்கம். மூன்றே வாரத்தில்!

இன்சோலில் ஏறி நின்றால் இரண்டு காலிலும் சுண்டுவிரல் பாதி வெளியே. வலது காலில் இரண்டாவது விரல்தான் நீளம், அது கிட்டத்தட்ட விளிம்பைத் தொடுகிறது. இத்தனை வருடம் ஒரே நம்பர்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கால்நடைப்பயணி

பிசியோதெரபிஸ்ட் பேசுகிறேன். (பெயரைப் பார்த்து மாட்டு டாக்டர் என்று நினைக்க வேண்டாம், ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.)

காலையில் முதல் அடியில் குத்தல், நடக்க நடக்கக் குறைதல், நாள் கடைசியில் திரும்ப வருதல். இது உள்ளங்கால் சவ்வு நோகும்போது வருகிற வழக்கமான வரிசை. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஓடும் தடித்த பட்டை அது, வில்லுக்கு நாண் மாதிரி. இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்துவிட்டு முதல் அடியில் திடீரென இழுபடும்போதுதான் அந்தச் சுருக். திரையில் படித்துவிட்டு நோயை முடிவு செய்ய மாட்டேன், நீங்களும் செய்ய வேண்டாம். மரத்துப்போதல், எரிச்சல், வீக்கம், படுத்திருக்கும்போதும் வலி, கால் ஊன்றவே முடியாத நிலை, இவற்றில் எது இருந்தாலும் ஷூவைத் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். காலையில் இறங்குவதற்கு முன் கட்டிலிலேயே உட்கார்ந்து வலது காலை இடது முழங்கால் மேல் போடுங்கள். விரல்களைக் கையால் பிடித்துக் கணுக்கால் பக்கமாக மெதுவாக வளையுங்கள். உள்ளங்காலில் ஒரு நாண் விறைப்பது மறு கையின் விரலுக்குத் தெரியும். 10 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். 10 தடவை, நாளைக்கு 3 வேளை. கெண்டைக்காலையும் சுவரில் கை ஊன்றி நீட்டுங்கள், அது இறுகியிருந்தால் குதிகாலைத்தான் இழுக்கும்.

ஷூ விஷயத்தில் அளவுகோல் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வலி இருக்கும்போது குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும் தட்டை ஷூவுக்குத் திடீரென மாறாதீர்கள். பின்பக்கம் 8 முதல் 12 மிமீ உயரமாக இருப்பது கெண்டைக்கால் இழுப்பைக் குறைக்கும். வெறுங்காலில் நடந்தால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

ஈரத்தடம்

இதற்கெல்லாம் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். காலை நனைத்துத் தரையில் ஒரு தடம் வையுங்கள். முழுப் பாதமும் பதிந்தால் தட்டைக்கால், அதற்கென்று கெட்டியான ஷூ இருக்கிறது. நடுவில் ஒன்றுமே பதியாவிட்டால் வளைவு அதிகம், மெத்தென்ற ஷூ போடலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சாதா ஷூ. நான் இப்படித்தான் வாங்குகிறேன். ஒரு பிரச்சினையும் இல்லை.

கால்நடைப்பயணி

ஈரத்தடம் சார், உங்களுக்கு ஒத்துவந்தது சந்தோஷம். ஆனால் இந்த முறையைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் மூன்றிலும் பயிற்சிக்கு வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாதத்தின் தடத்தைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள், மறு பாதிக்கு எல்லோருக்கும் ஒரே வகை. 2009, 2010 வாக்கில் முடிவுகள் வெளிவந்தன. காயம் படுவதில் இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை.

தடத்தை வைத்துக் காலைப் பற்றி ஒரு யோசனை கிடைக்கும், அவ்வளவுதான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். ஈரக்கால் காட்டும் படம் நீங்கள் சும்மா நிற்கும் ஒரு கணத்தின் படம். கனடாவின் கேல்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் என்ற பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவு இயக்கவியல்) பேராசிரியர் வேறு மாதிரி சொல்கிறார்: பொருத்தமான நாலைந்தில் காலுக்கு எது இதமாக இருக்கிறதோ அதை எடு, உடம்புக்கே ஒரு வடிகட்டி இருக்கிறது என்று. நான் அந்தக் கட்சி. ஒரே ஒரு திருத்தம், அந்த இதத்தை இரண்டு நிமிடத்தில் முடிவு செய்யாதீர்கள். சோர்ந்த காலோடு போய், போட்டுக்கொண்டு கால் மணி நேரமாவது நில்லுங்கள். நடப்பதைவிட நின்று பார்ப்பது முக்கியம், உங்கள் வேலையே அதுதானே.

ஈரத்தடம்

சரி, ராணுவத்தையே கூட்டி வந்துவிட்டீர்கள். ஒதுங்கிக்கொள்கிறேன் 🙂

அளவுகோல்

ஒதுங்க வேண்டாம் சார், தடம் வைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. இரண்டு காலும் ஒரே மாதிரி இல்லை என்பதாவது மக்களுக்குத் தெரியும்.

கடையில் காலை வைத்து அளக்கும் இரும்புத்தட்டு ஒன்று பார்த்திருப்பீர்கள். 1920களில் அமெரிக்காவில் சார்லஸ் பிரானக் என்பவர் செய்தது, இன்னும் அதே வடிவம்தான். அது நீளம், அகலம் இரண்டை மட்டும் அளப்பதில்லை. குதிகாலிலிருந்து கட்டைவிரல் மூட்டு வரை எவ்வளவு என்று தனியாக ஒரு அளவு காட்டும். விரல் குட்டையாகவும் பாதம் நீளமாகவும் இருப்பவர்கள் விரலை மட்டும் பார்த்து நம்பர் எடுத்தால் ஷூ தப்பான இடத்தில் மடியும். அதை யாரும் கேட்பதே இல்லை. கேளுங்கள். அகலத்துக்கும் தனியாக 2ஈ, 4ஈ என்று எழுத்து இருக்கிறது. சுண்டுவிரல் வழிகிறதே என்று நீளமான நம்பர் எடுத்தால் குதிகால் உள்ளே வழுக்கும், கொப்புளம்தான் மிச்சம்.

இரும்புமூக்கு

தொழிற்சாலையில் இருக்கிறவர்கள் இப்படித் தேர்ந்தெடுக்கக் கொடுத்து வைக்கவில்லையே! எங்களுக்கு ஐஎஸ்ஓ 20345 என்ற சர்வதேசத் தர முத்திரை உள்ள பாதுகாப்பு ஷூ கட்டாயம். முன்னால் இருக்கும் கவசம் 200 ஜூல் அடியையும் 15 கிலோநியூட்டன் நசுக்கலையும் தாங்க வேண்டும். அது நல்லதுதான். பிரச்சினை என்னவென்றால், தோல் ஷூ போகப்போகக் காலுக்கு இளகிக் கொடுக்கும், இந்தக் கவசம் பத்து வருடம் போட்டாலும் ஒரு நூல் கொடுக்காது. நான் முதல் வருடம் முழுக்கப் 'போட்டால் சரியாகிவிடும்' என்று காத்திருந்தேன். சுண்டுவிரலில் கால் ஆணி வந்ததுதான் மிச்சம். வேலை கொடுத்த இடத்தில் ஒரு நம்பர் பெரிதாகக் கேட்டபோது "எல்லோருக்கும் இதுதான்" என்றார்கள். செருப்புக்காகக் காலைத் தறிக்கச் சொன்ன கதைதான். அகலமான அச்சில் வரும் மாடல் இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்து நானே தெரிந்துகொண்டேன்.

தெரியாதவர்களுக்கு: ஆணி குத்தாமல் இருக்க அடியில் தகடு வைத்த ஷூவில் எஃகுக்குப் பதில் நெய்த துணித்தகடு வைத்தும் வருகிறது. கால் மடிந்து கொடுக்கும், எடையும் குறைவு. நாளெல்லாம் நடக்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். வார்டு, கிச்சன் போன்ற இடங்களில் முன்கவசமே தேவையில்லை என்றால் ஐஎஸ்ஓ 20347 என்று வேறு ஒரு தரம், கவசம் இல்லாத பணி ஷூ. சும்மா பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இரும்பைச் சுமக்காதீர்கள்.

எண்ணெய்த்தரை

நான் ஹோட்டல் கிச்சன். எங்களுக்குக் குதிகால் வலியைவிடப் பெரிய பயம் வழுக்குவதுதான். சோலில் பெரிய பெரிய பள்ளம் இருந்தால் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அது சேற்றுக்கு. வழுவழுப்பான ஈரத்தரைக்கு நிறையச் சின்ன வெட்டுகளும் தண்ணீர் ஓரத்துக்கு ஓட வாய்க்காலும் வேண்டும்.

பாதுகாப்பு ஷூவில் வழுக்காமைக்கென்று இருந்த பழைய முத்திரையில் எஸ்ஆர்ஏ என்றால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய டைல்ஸில் சோதித்தது, எஸ்ஆர்பி என்றால் கிளிசரின் தடவிய எஃகில், எஸ்ஆர்சி என்றால் இரண்டிலும். அந்த ஐஎஸ்ஓ தரத்தின் 2022 திருத்தத்தில் இந்த மூன்றையும் எடுத்துவிட்டார்கள். சோப்பு டைல்ஸ் சோதனை கட்டாயமாகிவிட்டது, கிளிசரினையும் தாண்டினால் எஸ்ஆர் என்று மட்டும் போடுவார்கள். எண்ணெய்த் தரையில் நிற்கிறவர்கள் அந்த எஸ்ஆரைத் தேடுங்கள்.

வாசல்காவல்

நடக்கிறவர்கள் எல்லாம் புண்ணியவான்கள். நான் ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவன். எந்த ஷூ போட்டாலும் நான்காவது மணியில் கால் கடுக்கும். எதாவது வழி?

கால்நடைப்பயணி

அண்ணா, உங்களுக்கு ஷூ பாதிதான் உதவும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓடாது, ரத்தம் காலிலேயே தேங்கும். அதனால் ஒரு 10, 15 செமீ உயரப் பலகை கேட்டு வாங்கி ஒரு காலை அதில் வையுங்கள், கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றுங்கள். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், யாருக்கும் தெரியாது. தரை கான்கிரீட் என்றால் நிற்கும் இடத்தில் ரப்பர் பாய் போடச் சொல்லுங்கள்.

வாசல்காவல்

பலகை கேட்டால் நாற்காலி கேட்டதாக நினைத்துவிடுவார்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

முதுகால்

மகளே இரவுப்பணி, மற்ற பிள்ளைகளே, சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. மேலே சொன்ன 'காலுக்கு இதமாக இருப்பதை எடு' என்பது நமக்குப் பொருந்தாது. நரம்பு மந்தமான காலுக்கு இறுக்கமான ஷூதான் சரியாக இருப்பது போலத் தோன்றும், ஏனென்றால் தளர்ந்த ஷூவில் இருப்பதே தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆனது. ஒரு நாள் சாக்ஸைக் கழற்றினால் கட்டைவிரல் பக்கத்தில் ரத்தம். உள்ளே ஒரு சின்னக் கூழாங்கல். காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறேன், ஒரு சொட்டு வலி இல்லை.

அன்றிலிருந்து போடும் முன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு உள்ளே கையை விட்டுத் துழாவுவேன். உள்பக்கம் தையல் உறுத்தாத, விரல் பகுதி ஆழமாக உள்ள ஷூ வாங்குங்கள், அளவை அளந்து வாங்குங்கள், மனசுக்குப் பட்டதை வைத்து வேண்டாம். இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். புண் எதுவானாலும் அன்றே காட்டுங்கள்.

முடிச்சு

முதுகால் ஐயா சொன்னது எல்லோரும் படிக்க வேண்டியது.

என் பங்குக்கு லேஸ். ஷூவின் மேல் கணுக்கால் பக்கம், கொஞ்சம் பின்தள்ளிக் கடைசியாக ஒரு ஓட்டை இருக்கும். கூடுதலாகப் போட்டது என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டு போகாமல் அதே பக்கம் அந்த ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே நுழையுங்கள், ஒரு சின்னக் காது மாதிரி நிற்கும். இரண்டு பக்கமும் அப்படிக் காது வைத்து, வலது லேஸை இடது காதுக்குள்ளும் இடது லேஸை வலது காதுக்குள்ளும் விட்டுக் கீழ்நோக்கி இழுத்து முடியுங்கள். குதிகால் பின் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். முன்னால் விரல் பக்கம் தளர்வாகவே விடலாம். அகலமான கால், ஒல்லியான குதிகால் உள்ளவர்களுக்கு இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். மேற்பாதம் உயர்ந்து அங்கே அழுத்தினால் அந்த இடத்தில் மட்டும் குறுக்குப் பின்னலைத் தவிர்த்து நேராக மேலே ஏற்றுங்கள்.

லேஸ் இல்லாமல் காலை நுழைத்துப் போகிற வகை வார்டில் வசதிதான், கழுவலாம். பின்னால் திறந்திருந்தால் மட்டும் வேண்டாம். கழன்று விழாமல் இருக்க விரல்கள் நாள் முழுக்க ஷூவைக் கவ்விக்கொண்டே இருக்கும்.

இரவுப்பணி

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு சந்தேகம். அளவெடுத்துச் செய்யும் இன்சோல் வாங்கலாமா? கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் இறுக்கமான நீள சாக்ஸ் போடுகிறார், அது எதற்கு?

கால்நடைப்பயணி

குதிகால் வலிக்கு அளவெடுத்துச் செய்ததையும் கடையில் ரெடிமேடாகக் கிடைப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதலில் ரெடிமேடில் கொஞ்சம் கெட்டியாக, வளைவைத் தாங்குவதாக எடுங்கள். பழைய இன்சோலை எடுத்துவிட்டுத்தான் அதை வைக்க வேண்டும், மேலேயே வைத்தால் குதிகால் சுவரைத் தாண்டி எழும்பிவிடும். முதல் வாரம் தினமும் கொஞ்ச நேரம் மட்டும்.

அந்த சாக்ஸ் ரத்தம் தேங்காமல் இருக்க. பெரும்பாலும் 15-20 மிமீ பாதரச அழுத்தம். காலையில் வீங்குவதற்கு முன் போட வேண்டும். கால் கனத்தைக் குறைக்கும், குதிகால் குத்தலுக்கு அது மருந்து இல்லை. காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

இரவுப்பணி (ஏழு வாரம் கழித்து)

திரும்ப வந்து எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன், எழுதிவிடுகிறேன்.

மருத்துவரைப் பார்த்தேன், உள்ளங்கால் சவ்வுதான் என்றார். நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து சாயங்காலம் போனால் கால் தேறிவிடும் என்று, டியூட்டி முடிந்த கையோடு கடைக்குப் போனேன். விற்பவர் நம்பர் கேட்டார், அளந்து சொல்லுங்கள் என்றேன். வலது கால் இடதைவிட 5 மிமீ நீளம், அகலம் 2ஈ. பெரிய காலுக்கு எடுத்தோம், இடது பக்கத்தை லேஸ் காதுகள் பார்த்துக்கொள்கின்றன. நான்கு ஜோடியைக் கிள்ளி, முறுக்கி, மடித்துப் பார்த்ததில் விற்பவர் ஒரு மாதிரி பார்த்தார். ஒன்று நடுவில் மடிந்தது, அது நான் முதலில் ஆசைப்பட்டது! மிச்சத்தில் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டு அங்கேயே இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் எடுத்தது முதலில் கட்டையாகத் தெரிந்த ஷூ. முதல் வாரம் பிடிக்கவே இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் இன்றைக்குக் காலைப் பற்றி நினைக்கவே இல்லையே என்று தோன்றியது. காலையில் வரும் குத்தல் இன்னும் முழுசாகப் போகவில்லை, முன்பு பத்தில் எட்டு என்றால் இப்போது இரண்டு. விரலை வளைக்கும் பயிற்சியை இரண்டு நாள் விட்டால் நான்குக்கு ஏறிவிடுகிறது.

அளவுகோல்

ரொம்ப சந்தோஷம். வாங்கிய தேதியை ஷூவின் நாக்கில், லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டையில், உள்பக்கம் பேனாவால் எழுதிவையுங்கள். மேல்பாகம் புதுசு போலவே இருக்கும், நுரை உள்ளுக்குள் செத்திருக்கும். வாரம் நாலு நாள் 12 மணி நேரம் என்றால் ஆறு மாதம் கழித்துப் பின்னாலிருந்து சாய்வு பாருங்கள். முடிந்தால் இரண்டாவது ஜோடி ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், வியர்வை காய ஒரு நாளாவது வேண்டும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று நாலைந்தை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள். பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம் போடாமலே வருடக்கணக்கில் ஈரக்காற்றில் இருந்தால் ஒரு நாள் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும்.

இரவுப்பணி

தேதி எழுதிவிட்டேன். அந்தப் பஞ்சு மூட்டை ஷூவை என்ன செய்வது?

இரும்புமூக்கு

செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா. பத்து நிமிட வேலைதானே.

வாசல்காவல்

பலகை கிடைத்துவிட்டது. இப்போது அடுத்த ஷிஃப்ட்காரரோடு அதற்குச் சண்டை.